செபரேட்டட் என்கிற கட்டம்

கணவனை விட்டு பட்டாபிராமில் அம்மா வீட்டுக்கு வந்த புதிதில் 'செபரேட்டட்' என்கிற சொல் எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. அலுவலகத்தில் யாராவது கேட்டால் அதைச் சொல்வேன். ஒரு 'ஓ'வோடு பேச்சு நின்றுவிடும். அதையே தமிழில் 'பிரிந்துவிட்டேன்' என்றால் போச்சு. ஏன், எப்போது, யார் மேல் தப்பு என்று டீ ஆறிப்போகும்வரை விசாரணை நடக்கும். விவாகரத்து என்றும் சொல்ல முடியாது. நாங்கள் கத்தோலிக்கர்கள், கோர்ட்டு கொடுக்கும் காகிதம் கோயிலில் செல்லாது.

அம்மாவுக்கு அந்த இங்கிலீஷ் சொல்கூட வாயில் வரவில்லை. "மாப்ள வெளியூர்ல வேலையா கீறாரு" என்று, ஞாயிறு பூசை முடிந்து விசாரிக்கிறவர்களிடமெல்லாம் இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே நான் வாயை மூடிக்கொண்டு நிற்பேன். என்னை எதற்கு இப்படி மறைக்கிறாள் என்று ஆத்திரமாக வரும். அவள் ஒரே ஒரு தடவை உண்மையைச் சொன்னால் போதும் என்றிருந்தது எனக்கு.

போன தவக்காலத்தில், எங்கள் பங்குக் கோயிலிலிருந்து குடும்பக் கணக்கெடுக்க ஒரு பெண் வந்தாள். எங்கள் தெருவில் ஜெபக் கூட்டம் நடத்துகிறவள்தான். அம்மா மோர் கொடுத்து உட்கார வைத்தாள். படிவத்தில் என் பெயரை எழுதி முடித்தவள், அடுத்த கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, "மாப்ள பேரையும் இங்கியே போட்டுடவாம்மா?" என்று கேட்டாள்.

அம்மா வாயைத் திறப்பதற்குள், மறுபடியும் வெளியூர்க் கதை வரப்போகிறது என்று நினைத்து, சமையலறையிலிருந்து நானே குரல் கொடுத்தேன்.

"செபரேட்டட்னு போட்டுக்குங்கக்கா."

'ஓ' என்று தலையாட்டிவிட்டு அவள் எழுதப் போனாள்.

"இரும்மா," என்றாள் அம்மா. "ரெண்டு பேரும் பேசி வெச்சிகினு பிரிஞ்ச மாதிரி இன்னாத்துக்கு எழுதுற? அவன் அடிச்சான். இவ ஊட்டுக்கு வந்துட்டா."

நான் அடுப்பை அணைத்தேன். இரண்டு வருடமாகக் காத்திருந்த வார்த்தை; மனது நிறைந்துவிட்டது. அதோடு அவள் நிறுத்திக்கொள்வாள் என்றுதான் நினைத்தேன்.

"முன்ன ரெண்டு தபா வந்தா. ரெண்டு தபாவும் நான்தான் அட்ஜஸ் பண்ணிக்கோன்னு சொல்லி பஸ் ஏத்தி உட்டேன். மூணாவது தபா கை ஒடிஞ்சி வந்தா. அத்த எந்தக் கட்டத்துல எழுதுவ?"