ஞானம்மா எடுத்த பிடி அரிசி

பொலபொலவென்று மண் கலயத்துக்குள் அரிசி விழும் சத்தம்... எங்கள் வீட்டில் சோறு ஆகப்போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். ராஜபாளையத்தில், நான் பாவாடை கட்டித் திரிந்த அந்த உலகச் சண்டைக்காலத்தில், அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குப் பசியே எடுக்கும்.

(நான் சொல்லச் சொல்லப் பேத்திதான் போனில் தட்டுகிறாள். பிழை இருந்தால் அவளைத் திட்டுங்கள்.)

பிடி அரிசி தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். எங்கள் சபையில் எல்லா வீட்டிலும் அடுப்புப் பக்கத்தில் ஒரு கலயம் இருக்கும். உலைக்கு அரிசி எடுக்கும்போதெல்லாம் அதிலிருந்து ஒரு பிடி கலயத்துக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கொண்டுபோய்ப் படைத்தால், இல்லாத வீட்டில் உலை கொதிக்கும்.

அரிசியே ரேஷனில்தான் வந்தது. அதிலும் பாதி கல்லு. அப்பா கேலி செய்வார்.

"ஏன் ஞானம், ஆண்டவருக்கும் ஒரு ரேஷன் கார்டு வாங்கிருவமா?"

"அவருதான் நமக்கே அளந்து போடுதாரு. சும்மா கெடங்க" என்பாள் அம்மா. அவள் செய்த பிரசங்கம் மொத்தமும் அம்புட்டுத்தான்.

பக்கத்து வீடு சீதம்மா அத்தை வீடு. வீட்டுக்குள் தெலுங்கு, வாசலில் தமிழ். அத்தை குளிர்காய்ச்சலில் படுத்துவிட்டாள். மாமா பஞ்சு மில்லுக்குப் போயாக வேண்டும். சின்னப் பிள்ளைகள் இரண்டும் பசியில் அழுதன. அம்மா என்னையும் கூட்டிக்கொண்டு போய் அவர்கள் அடுப்பையே பற்றவைத்தாள். இன்னொரு வீட்டுப் பொம்பளை, அதுவும் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரி, அடுப்படிக்குள் நுழைவது அப்போது லேசுப்பட்ட காரியம் இல்லை. அத்தை கண்ணைத் திறந்து பார்த்து, சரி என்று தலையை ஆட்டினாள்.

அந்த நேரம் பார்த்துச் சேத்தூரிலிருந்து வந்து நின்றாள் மாமாவின் அக்கா வெங்கம்மா.

"முந்தியில என்னது முடிச்சு?"

அம்மா குனிந்து பார்த்தாள்... முந்தானையில் ஒரு பிடி அரிசி. அவர்கள் வீட்டு அரிசி. உழக்கில் அளந்தபோது பழகின கை தன்பாட்டுக்கு ஒரு பிடி எடுத்திருக்கிறது. கலயம் இல்லாததால் முந்தியில் முடிந்து வைத்திருக்கிறது.

"கை தானா எடுத்துருச்சு மதினி" என்று அவிழ்த்துப் பானையில் போட்டாள்.

"நல்ல கைதான். காய்ச்சக்காரி வீட்டு அரிசியில போயி..."

சாயந்தரமே கிணற்றடி முழுக்கச் செய்தி. வேதக்காரி அரிசி திருடிவிட்டாள்! அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சண்டைக்குக் கிளம்பினார். அம்மா மறித்தாள்.

"விடுங்க. வாயால சொல்லி எடுபடவா போகுது?"

அப்படிச் சொன்னவள் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள். இனி எந்த முகத்தோடு தண்ணிக்குப் போவாள்? ஆனாலும் மறுநாள் காலையில் கஞ்சி காய்ச்சி அந்த வீட்டுக்கே என்னிடம் கொடுத்தனுப்பினாள். எனக்கா, ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. தூக்குச்சட்டியை அவர்கள் வாசலில் ணங்கென்று வைத்துவிட்டு வந்தேன்.

தினமும் இப்படியே போனது. ஒருநாள் சட்டியைத் திருப்பிக் கொடுக்க வெங்கம்மாவே வந்தாள். முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் நின்றாள். அம்மா அரிசி அளந்துகொண்டே கேட்டாள்.

"சீதாவுக்கு இப்பம் காய்ச்ச எப்படி இருக்கு மதினி?"

கேட்கும்போதே கை ஒரு பிடியை எடுத்துக் கலயத்தில் போட்டது. பொலபொல...

வெங்கம்மா கலயத்தையே பார்த்தாள். "இப்பம் அதுல என்ன போட்ட?"

"நானா? ஒண்ணும் போடலியே."

அம்மா நடிக்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே தெரியவில்லை.

வெங்கம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஒன் வீட்டு அரிசியையும் நீயே திருடுதியே தாயி" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது. கிணற்றடியில் அன்றைக்கு ஊதிய அதே வாய்தான் இதையும் போய் ஊதியது.

பொறவு அத்தை வீட்டு அடுப்புப் பக்கமும் ஒரு கலயம் வந்து உட்கார்ந்தது.

"ஒங்க சாமிக்கும் இல்ல, எங்க சாமிக்கும் இல்ல. கெடக்கட்டும், யாருக்காச்சும் ஆகும்" என்றாள் வெங்கம்மா.

எங்களுக்குத்தான் ஆனது. சில வருஷம் கழித்து அம்மா திடீரென்று போய்விட்டாள். அடக்கம் முடிந்து வந்தபோது எங்கள் அடுப்பு அணைந்து கிடந்தது. சீதம்மா அத்தை சோறு ஆக்கிக் கொண்டுவந்து அப்பா முன்னால் வைத்தாள்.

"கலயத்து அரிசிதாண்ணே. ஞானம் கத்துக்குடுத்த பிடி. சாப்பிடுங்க."

அதுவரை கல்லாக உட்கார்ந்திருந்த அப்பா, இலையைப் பார்த்து வாய்விட்டு அழுதார்.

இப்போது காணிக்கை போனிலேயே போய்விடுகிறது. அரிசி அளக்க பிளாஸ்டிக் கப். நல்ல வசதிதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் கப்பில் அளக்கும்போது என் கையும் ஒரு பிடி எடுத்துவிடுகிறது...

"அத்தை, தண்ணி அளவு தப்பிரும்" என்கிறாள் மருமகள். அவள் சொல்வதும் சரிதான். வைக்கக் கலயமும் இல்லை. குக்கரிலேயே திருப்பிப் போட்டுவிடுகிறேன்.

அதில் விழும்போது அந்தச் சத்தம் வருவதில்லை.