கேட்டதற்கு மட்டும் பதில்

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தின் சோதனைக்கூடத்தில் எனக்கு இருபத்தோரு வருட சர்வீஸ். ஆம்பூரைச் சுற்றியுள்ள, தோல் பதனிடும் ஷாப்புகளின் தண்ணீர் குழாய் வழியாக எங்களிடம்தான் வந்து சேரும். வேலையில் சேர்ந்த முதல் வாரத்தில் எனக்குச் சொல்லித் தந்தது சோதனை செய்யும் விதத்தை அல்ல. ஆய்வுக்கு அதிகாரிகள் வந்தால் எப்படி நடந்துகொள்வது என்பதைத்தான். "பேரு கேட்டா பேரச் சொல்லு. ஊரச் சொல்லாத" என்றார் அப்போதைய மேனேஜர். மறைக்க எங்களிடம் பெரிதாக எதுவும் இல்லை. ஆனாலும் ஒரு பதில் சொன்னால் அதிலிருந்து நாலு கேள்வி முளைக்கும், பேஜாரு. ஜீப் சத்தம் கேட்டாலே என் வாய் தானாகச் சுருங்கிக்கொள்ளும்.

அந்த வாயோடுதான் அக்காவைக் கூட்டிக்கொண்டு வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். அவள் வீட்டுக்காரர் போன பிறகு என்னோடுதான் இருக்கிறாள். வலது மார்பில் கட்டி, புற்றுநோய், மூன்று வாரத்துக்கு ஒரு கீமோ. இது போதாதென்று பத்து வருடமாகச் சர்க்கரையும் உண்டு, இன்சுலின் போடுகிறாள். கீமோவோடு கொடுக்கும் ஸ்டீராய்டால் சர்க்கரை ஏறும் என்று ஆஸ்பத்திரியில் ஓர் அட்டவணை எழுதித் தந்திருந்தார்கள். வீட்டு மெஷினில் இவ்வளவு காட்டினால் இத்தனை யூனிட் கூடுதலாகப் போடு என்று. கடைசி வரியில், 350-க்கு மேல் போனால் ஊசி போடும் முன் போன் செய்யவும் என்று எழுதி, அடிக்கோடு போட்டு, நம்பரும் கொடுத்திருந்தார்கள். அக்கா அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். கம்பெனியில் எழுதி ஒட்டிய எதையும் அவள் மீறியதில்லை, மீறவிட்டதும் இல்லை.

மூன்றாவது கீமோவுக்குப் பிறகு அவள் படுத்துவிட்டாள். குளியலறைக்குப் போய் வந்தாலே மூச்சு வாங்கியது. அப்போதுதான் பக்கத்து வீட்டு உருதுக்காரம்மா, பாஜி என்றுதான் கூப்பிடுவோம், ஆட்டுக்கால் பாயாவைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டு வந்தவர், வைட்டமின் டிரிப்பைப் பற்றிச் சொன்னார்.

"எங்க மாமூக்கும் இதே வியாதிதான். வைட்டமின் சி, ஜாஸ்தி டோஸ்ல, நரம்புல ஏத்துனாங்க. எழுந்து உக்காந்து பேசினாரு, சாப்ட்டாரு" என்றார்.

"இப்ப எப்படி இருக்காரு?" என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அந்த மாமா தவறிப்போய் ஒரு வருடம் ஆகிறது என்று பிறகுதான் தெரிந்தது. பாஜிமேல் தப்பில்லை. அவர் சொன்னது எல்லாமே உண்மை.

ஒரு வாரம் போனும் கையுமாக வீடியோ பார்த்தேன். கோட்டுப் போட்ட ஒருவர், மாத்திரையாக விழுங்கினால் குடல் கொஞ்சம்தான் எடுத்துக்கொள்ளும், நரம்பில் ஏற்றினால் புற்றுநோய் அணுவை அடிக்கும் என்றார். இன்னொருவர் அதெல்லாம் நிரூபணம் ஆகவில்லை என்றார். இரண்டாமவரைப் பாதியில் நிறுத்தினேன். ரிப்போர்ட்டில் ஒரு புள்ளி இடம் மாறியிருந்தால் திருப்பி அனுப்புகிறவள் நான். அந்த வாரம் எனக்குப் பிடித்ததை மட்டும் பார்த்தேன்.

நெடுஞ்சாலை ஓரத்து ஊர் ஒன்றில், கடைக்கு மேல் மாடியில் இருந்தது அந்தக் கிளினிக். ஏசி, சாய்வு நாற்காலிகள், மீன்தொட்டி. முன்கூட்டியே ரத்தம் எடுத்து, இந்த டிரிப் அக்காவின் உடம்புக்கு ஒத்துக்கொள்ளுமா என்று பார்த்தார்கள், கிட்னியும் பார்த்தார்கள். எல்லாம் சரி என்றதும் ஆறு டிரிப்புக்குப் பெயர் கொடுத்தேன். "கீமோ டாக்டர்கிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்கள். "சொல்லிட்டோம்" என்றேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

நாலாவது கீமோவுக்கு முந்தைய நாள் வேலூரில் டாக்டரம்மா வழக்கம்போல எல்லாம் கேட்டார். வாந்தி, பேதி, காய்ச்சல். பிறகு, "வேற மருந்து ஏதாவது எடுக்கிறீங்களா?"

"இல்ல டாக்டர்" என்றேன்.

பொய் இல்லையே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். இன்னும் போடவில்லை, போடப்போகிறோம், அவ்வளவுதானே. எங்கள் நிலையத்தில் இதற்குக் கைதட்டுவார்கள்.

கீமோ முடிந்த மூன்றாம் நாள் காலையில் முதல் டிரிப் ஏற்றினார்கள். வெளிச்சம் படக்கூடாதென்று பாட்டிலுக்குக் கறுப்பு உறை. குழாயில் மட்டும் இளமஞ்சளாக இறங்கியது. இரண்டு மணி நேரம். அக்கா தூங்கினாள். கிளம்பும்போது ஒரு தாளை மடித்துக் கொடுத்தார்கள், ஸ்கேன் பைக்குள் செருகினேன். பஸ்ஸில் அக்காவின் முகத்தை நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டே வந்தேன், தெம்பு வந்துவிட்டதா என்று.

"இன்னாடி அப்படிப் பாக்குற? முடி முளைச்சிடுச்சா?" என்றாள், தலை முக்காட்டைத் தடவிக்கொண்டு.

மதியம் சாப்பாட்டுக்கு முன் சர்க்கரை பார்த்தேன். 438.

கையைக் கழுவச் சொல்லி வேறு விரலில் குத்தினேன். 431. என் வேலை எனக்குத் தெரியும். கருவிமேல் சந்தேகம் வந்தால் பிரச்சினை இல்லாத ஒரு மாதிரியை அதே கருவியில் ஓட்டிப் பார்ப்போம். என் விரலைக் குத்தினேன். 104. மெஷின் சரியாக இருக்கிறது, சர்க்கரைதான் ஏறியிருக்கிறது, ஸ்டீராய்டு வேலையைக் காட்டிவிட்டது என்று முடிவு கட்டினேன். அட்டவணையில் இருந்த பெரிய எண்ணைவிட இரண்டு யூனிட் கூட்டி, இன்சுலின் பேனாவில் பதினான்கு திருகினேன்.

"எனக்கு ஒண்ணும் இல்லியே" என்றாள் அக்கா. "சர்க்கர ஏறுனா நாக்கு வறளும், காலு எரியும். இப்ப பசிதான் எடுக்குது."

"மெஷின் சொல்லுதுக்கா."

"அப்ப போன் பண்ணு. ஃபிரிட்ஜுல இன்னா எழுதியிருக்கு?"

"போன் பண்ணா எல்லாத்தையும் கேப்பாங்க."

"கேக்கட்டும்."

"டிரிப் போட்டது தெரிஞ்சுடும்க்கா. திட்டுவாங்க. உன்ன பாக்க மாட்டேன்னு சொல்லிட்டா?"

சட்டையைத் தூக்கு என்று சொல்லி, ஊசியோடு அவள் வயிற்றுப் பக்கம் குனிந்தேன். இதை எழுதும்போது கை கூசுகிறது. அந்த நிமிடத்தில் அக்காவின் சர்க்கரையைவிட, எதிர்முனையில் வரப்போகும் கேள்விதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது. அக்கா என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாள் முன்பு கீமோ ஏறிய கை, பலமே இல்லை. ஆனாலும் விடவில்லை. இன்னொரு கையால் என் போனை எடுத்து நீட்டினாள்.

ஃபிரிட்ஜில் இருந்த நம்பரை அழுத்தினேன். எடுத்தது ஒரு நர்ஸ், நிதானமான குரல். எண்ணைச் சொன்னேன். வேர்வை உண்டா, நடுக்கம் உண்டா, தாகம் உண்டா என்று கேட்டார். இல்லை, இல்லை, இல்லை. இது அவருக்குப் புதிதில்லை போல.

"வெளியில எங்கயாவது வைட்டமின் சி டிரிப் போட்டீங்களாம்மா?"

நேராகக் கேட்டுவிட்டார். கேட்டால் சொல்லித்தான் ஆக வேண்டும். அதுவும் என் பழக்கம்தான்.

"இன்னைக்குக் காலையில போட்டோம் சிஸ்டர்."

"ஊசி போட்டுட்டீங்களா?"

"இல்ல. கையில இருக்கு."

"கீழ வைங்க. அந்த டிரிப் போட்டா வீட்டு மெஷின் தப்பா, ஜாஸ்தியா காட்டலாம். உண்மையான சர்க்கர எவ்ளோன்னு இங்க லேப்லதான் பாக்கணும். கிளம்பி வாங்க. வழியில வேர்த்துக் கொட்டுனா, கை நடுங்குனா உடனே சர்க்கரத் தண்ணி குடுங்க."

பாஜியின் மகன் காரை எடுத்தார். ஒரு மணி நேரப் பயணம். எனக்கு எங்கள் சோதனைக்கூடம்தான் ஞாபகம் வந்துகொண்டே இருந்தது. தோல் ஷாப் தண்ணீரில் உப்பு அதிகம். அழுக்கை அளக்கும் சோதனையில், உப்பை முதலில் கட்டிப்போடாவிட்டால் அதையும் அழுக்காகக் கணக்கெடுத்து ஒன்றுக்கு இரண்டாகக் காட்டும். நல்ல தண்ணீரை ஓட்டினால் அதே கருவி சரியாகவே காட்டும். கோளாறு கருவியில் இல்லை, மாதிரியில் கலந்திருக்கும் இன்னொன்றில். புதிதாக வரும் பெண்களுக்கு நான் எடுக்கும் முதல் பாடமே இதுதான். ஊருக்குத்தான் உபதேசம்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 127.

அந்தப் பதினான்கு யூனிட்டைப் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரியும். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, ஸ்கேன் பையிலிருந்த தாளை எடுத்துப் பிரித்தேன். எட்டாவது வரியில் இருந்தது: சர்க்கரை நோயாளிகள் டிரிப் போட்ட நாளில் வீட்டு மெஷின் அளவை நம்ப வேண்டாம். எழுத்தும் சின்னதில்லை. படிக்க எனக்குத்தான் பொறுமையில்லை.

டாக்டரம்மா திட்டவில்லை. எத்தனை கிராம், எந்த நேரம், முன்னால் என்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேட்டு ஃபைலில் எழுதிக்கொண்டார்.

"சில பேருக்கு அசதி கொறையுதுன்னு சொல்றாங்க. கட்டியக் கொறைக்கும்னு சொல்ற அளவுக்கு ஆதாரம் இல்ல. கீமோ மருந்தோட சேந்தா எது எப்படி வேலை செய்யும்னு மருந்துக்கு மருந்து மாறும். யோசிக்கிறதுல தப்பில்ல. ஆனா முதல்ல எங்ககிட்ட சொல்லுங்க." பிறகு அக்காவிடம், "மீதி டிரிப்பும் போட்டுக்கணும்னு உங்களுக்கு இருக்கா?" என்றார்.

"எனக்கு எப்பவுமே இல்லியே டாக்டர்" என்றாள் அக்கா.

சாயந்திரம் பஸ்ஸில்தான் திரும்பினோம், காரை முன்னமே அனுப்பிவிட்டோம். பள்ளிகொண்டா தாண்டும்வரை நான் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தேன். பிறகு கேட்டேன், வேண்டாமென்றால் ஏன் கையை நீட்டினாய் என்று.

"ஒவ்வொரு கீமோவுக்கும் அந்த பிளாஸ்டிக் சேர்ல உக்காந்துகினு, பாட்டில்ல எவ்ளோ இறங்குச்சுன்னே பாத்துனு இருக்க. சோறு துன்றதில்ல. நகம் ஒண்ணு பாக்கியில்ல. உனக்கு ஏதாவது செய்யணும்னு இருந்துச்சு, செஞ்சுட்டுப் போவட்டும்னு விட்டேன். உன் மனசுக்குத்தான் அந்த டிரிப்பு."

அக்கா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு கண்ணை மூடினாள். அவள் கை என் மடியில் இருந்தது, காலையில் ஊசி குத்திய இடத்தில் பஞ்சும் பிளாஸ்திரியும்.

"எனக்குப் பயமா இருக்குக்கா" என்றேன்.

அதை என்னிடம் யாரும் கேட்கவில்லை.