பெட்டிக்காரர் செய்த கிட்டார் பெட்டி

பெட்டிக்காரர் என்றால் அந்தத் தெருவில் ஒருவர்தான். சவப்பெட்டி என்று முழுதாகச் சொல்ல யாருக்கும் வாய் வராது. அவருடைய மனைவி போனதும் அவர் கையால் செய்த பெட்டியில்தான். அன்றிலிருந்து மகள் கிட்டாரைத் தொடவில்லை. பதினோரு மாதம் கழித்து, அதை வாங்க ஒருவர் வருகிறார், மூன்று வாரத்தில் ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு என்று, பால் தீர்ந்துவிட்டது என்பதுபோலச் சொன்னாள். பெட்டிக்காரர் தூசி படிந்த கிட்டாரைப் பார்த்தார். கிட்டாரும் போனால் வீடு வாயை மூடிக்கொள்ளும்.

கிட்டார் ஓசையைப் பெரிதாக்க, பழைய ரேடியோவில் இருப்பதுபோல் கண்ணாடி வால்வு வைத்த ஆம்ப்ளிஃபயர் வேண்டும் என்று ஒரு காலத்தில் நச்சரித்தவள். செய்து வைத்தால் ஒரு தடவையாவது வாசித்துப் பார்க்காமலா போவாள்?

ரேடியோ ரிப்பேர்க்காரரிடம் பாடம் கேட்டார். ஒரு கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டுதான் உள்ளே தொட வேண்டும். இரண்டு கையும் பட்டால் கரண்ட் நெஞ்சு வழியாகப் போகும். ப்ளக்கைப் பிடுங்கினாலும், கரண்டைச் சேர்த்து வைக்கும் கெப்பாசிட்டருக்குள் முந்நூறு வோல்ட் உட்கார்ந்திருக்கும். அணைந்த பிறகும் உள்ளே உயிர் வைத்திருக்கும் சாமானைத் தம் தொழிலில் அவர் முதன்முறையாகப் பார்த்தார்.

ஸ்பீக்கருக்கான கூடு மட்டும் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. அவர் தொழிலில் அளக்க டேப் கிடையாது. ஆளுக்கு ஒரு குச்சி, அதில் நீளத்துக்கு ஒரு வெட்டு, தோளுக்கு ஒரு வெட்டு. பெட்டி வாசல் தாண்டியதும் குச்சியை உடைத்துவிடுவது வழக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் வால்வுகள் ஆரஞ்சு நிறத்தில் கனன்றன. கிட்டார் இன்னும் மாட்டவில்லை. மகள் பெட்டியின் தலையில் விரலால் இரண்டு தட்டுத் தட்டினாள். உள்ளிருந்து இரண்டு தட்டு, சற்றுப் பெரிதாகவே, திரும்பி வந்தது.

வால்வு பழசு, பக்கத்தில் தட்டினால் அதையும் மைக் மாதிரி பிடிக்கும் என்று ரிப்பேர்க்காரர் சொன்னதைப் பெட்டிக்காரர் அப்படியே ஒப்பித்தார். அவள் காதில் வாங்கவில்லை. பெட்டியின் அகலத்தைக் கையால் தடவிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் குச்சிப்பா வெச்சு அளந்தீங்க?"

"மூலையில இருந்தது."

"அம்மா குச்சியை ஒடைக்கலையா நீங்க?"

அவர் மூலையில் கிடந்த குச்சியைப் பார்த்தார். மூன்று வாரமாகக் கை அறிந்திருந்தது, புத்திக்கு இப்போதுதான் எட்டியது. பிரித்துப் போட்டுவிடுகிறேன் என்று சுவிட்சை அணைத்தார். வால்வுகள் மங்கின. ரீங்காரம் மட்டும் நிற்காமல், அடுத்த அறைக்கு நடந்துபோவதுபோல மெல்லத் தேய்ந்தது.

"போயிடுச்சா?"

"உள்ள இன்னும் கொஞ்சம் இருக்கும்மா."

அவள் குனிந்து, ஸ்பீக்கர் துணியில் காதை வைத்து வெகுநேரம் இருந்தாள். பிறகு தானே சுவிட்சைப் போட்டு, கிட்டாரை மாட்டினாள். விரல் மறந்திருந்தது, தப்புத் தப்பாக வந்தது. ஒவ்வொரு தப்புக்கும் பெட்டி லேசாகக் கனைத்தது. அவள் நிறுத்தவில்லை.

நாலு மணிக்கு வந்தவரிடம், கிட்டார் விற்பனைக்கு இல்லை என்று பெட்டிக்காரரே வாசலில் சொல்லிவிட்டார். வந்தவருக்குக் கோபமில்லை, உள்ளே கேட்ட ஓசையில் சொக்கிப்போயிருந்தார்.

"எனக்கும் இதே மாதிரி ஒரு பெட்டி செஞ்சு தர முடியுமாங்க?"

"தாராளமா," என்ற பெட்டிக்காரர் அவரை உச்சி முதல் உள்ளங்கால் வரை ஒருமுறை பார்த்தார். "கொஞ்சம் நேரா நில்லுங்க."