பைய போனால் விழும் இடம்

சறுக்கு மரத்தின் உச்சி வரை ஏறிவிட்டு, "பைய, பைய" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஏறிய படி வழியாகவே இறங்கி வரும் என் ஆறு வயது மகளுக்கு அந்தப் பயத்தை யார் கொடுத்தது? இன்னும் எனக்கு விடை தெரியவில்லை. எங்கள் ஊரில் மெதுவாக என்று பொருள்படும் அந்தச் சொல்லை வீட்டில் அதிகம் சொல்பவள் நான்தான் என்பது மட்டும் தெரியும். அவள் பால் குடிக்கும்போதும் அதைச் சொல்வேன்.

அவள் கண் முன்னால் நானே எதிலிருந்தாவது குதித்துக் காட்டினால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். என் கணவரின் தங்கை மலைச் சைக்கிள் ஓட்டுகிறவள். ஞாயிற்றுக்கிழமைகளில் பாபநாசம் வரை போய் வருவாள். மேட்டிலிருந்து சைக்கிளோடு இறங்கக் கற்றுத்தரச் சொன்னேன்.

"நீங்களா மைனி? பஸ்ஸுக்காரன் ஆரன் அடிச்சாலே எறங்கி நிப்பியளே" என்று அண்ணியான என்னைக் கேலி செய்தாள்.

முழங்கால் கவசம் பழகட்டும் என்று அதைக் கட்டிக்கொண்டே காலையில் தோசை சுட்டேன்.

முக்கூடல் பக்கம் வற்றிக் கிடந்த ஒரு குளத்தில், கரையோரம் முழங்கால் உயரத்துக்கு ஒரு மண் திட்டு இருந்தது. நாத்தனார் சொல்லித்தந்தாள்: பெடல் இரண்டையும் சமமாக வைத்து எழுந்து நிற்க வேண்டும். விளிம்பைப் பார்க்கக் கூடாது, அதற்கு அப்பால் பார்க்க வேண்டும். விளிம்பில் கையை முன்னால் நீட்டி இடுப்பைப் பின்னால் கொண்டுபோனால் இரண்டு சக்கரமும் சேர்ந்து தரையைத் தொடும்.

"வேகம் கொறையவே கூடாது மைனி. பைய போனா முன் சக்கரம் தலகுப்புற எறங்கிரும். இப்ப நீங்க சைக்கிள் ஓட்டுதியளா, மாட்டுவண்டி பத்துதியளா?"

வேகமாகவே வந்தேன். விளிம்பை நெருங்கும்போது கீழே நின்ற மகள் கத்தினாள்: "எம்மா, பைய!"

யார் சொன்னாலும் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். பிரேக்கைப் பிடித்தேன். முன் சக்கரம் தரையில் குத்தி நின்றது. நான் அதைத் தாண்டிப் போய் வெடித்த களிமண்ணில் படுத்தேன்.

நாத்தனார் ஓடி வந்து கையையும் காலையும் அசைக்கச் சொன்னாள். எல்லாம் அசைந்தன. மகள் நிதானமாக நடந்து வந்தாள்.

"பைய போன்னு சொன்னம்லா? நீ கேக்கல. அதான் விழுந்துட்ட."

"கேட்டதுனாலதாம்ளா விழுந்தாவ ஒங்கம்மா" என்றாள் நாத்தனார். மகள் நம்பவில்லை.

இதோடு வீட்டுக்குப் போனால் அவள் படித்த பாடம் அதுவாகவே நின்றுவிடும். மறுபடி ஏறினேன். பிரேக்கிலிருந்து விரலை எடுத்தேன். அவள் கத்தினாள், நான் காதில் வாங்கவில்லை. இரண்டு சக்கரமும் சேர்ந்து இறங்கின. திரும்பிப் பார்த்தேன். மகள் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

கையை எடுத்துவிட்டுக் கேட்டாள்: "இப்ப பைய வந்தியாம்மா? அதான் விழலையோ?"

ஆமாம் என்றால் பொய். இல்லை என்றால், நாளைக்கே மேலப்பாளையம் ரோட்டில் ஆட்டோக்களுக்கு நடுவே வேகமாக மிதிப்பாளோ என்று பயம். பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தன் சின்னச் சைக்கிளையும் குளத்துக்குக் கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள். அந்தத் திட்டிலிருந்து பைய இறங்கிக் காட்டப் போகிறாளாம். பிள்ளை வளர்த்த வாசகர்கள் சொல்லுங்கள்: விளிம்பில் அவளிடம் நான் என்ன சொல்லட்டும்? "வேகமா" என்று சொல்லிப் பழகிப் பார்த்தேன், வாய் வரவில்லை. சனிக்கிழமைக்குள் பதில் எழுதினால் உதவியாக இருக்கும்.