ஓரத்தில் விழுந்த பாரம்

க்ரீ...ச்.

போன வாரம் பாபநாசத்தில் நான் ஏறிய டவுன் பஸ், படிக்கட்டுக் கூட்டத்தால் இடப்பக்கம் சாய்ந்து, உடம்பெல்லாம் முனகியபடி கும்பகோணம் போனது. எல்லோரும் கண்டக்டரைத் திட்டினார்கள். நான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம்.

இத்தனை வாரமாக இந்தப் பத்தியில் உங்களிடம் எதையெதையோ பேசியிருக்கிறேன். இதைச் சொன்னதில்லை — நான் ஒரு காலத்தில் இன்ஜினியர்.

கூலிப் போராட்டம் கொதித்த வருஷங்கள். ஊர்ச் சுவரெல்லாம் கட்சிச் சின்னம். தன் களத்து வழியே கூலியாட்கள் நடக்கக் கூடாதென்று பண்ணையார் முள்ளை வெட்டிப் போட்டுவிட்டார். அவர்களுக்காக வாய்க்கால்மேல் ஒரு நடைபாலம் போட ஆபீஸிலிருந்து என்னை அனுப்பினார்கள்.

மிச்சம் மீதி இரும்புத் தகடுகளை வெல்டிங் வைத்து, நடுவில் ஒரே ஒரு உத்தரம், மேலே பலகை. உத்தரத்தைக் குறுக்கே வெட்டினால் 'ப' மாதிரி இருக்கும் — ஒரு கால் நெட்டை, ஒரு கால் குட்டை. இப்படிக் கோணல்மாணலான வடிவம் எவ்வளவு முறுக்குத் தாங்கும்? தனியாக உட்கார்ந்து போட வேண்டிய கணக்கு. நான் என்ன செய்தேன்? உருண்டைத் தண்டுக்கான சூத்திரத்தை இதற்கும் போட்டேன். விடை பெரிதாக வந்தது. மகிழ்ந்துபோய்க் கையெழுத்திட்டேன்.

சேறும் வைக்கோலும் மணத்த ஓர் அறுவடைக் காலை. கதிர்க்கட்டுகளோடு பெண்கள் பாலத்தில் வர, எதிரே பண்ணைக் காரியக்காரர், சைக்கிளில். பழக்கதோஷம் — பண்ணை ஆளைக் கண்டதும் அத்தனை பேரும் ஓரத்துக்கு ஒதுங்கினார்கள். க்ரீச்! ஈரத்துணியைப் பிழிந்த மாதிரி உத்தரம் முறுக்கிக்கொண்டது. முன்னால் வந்த காசாம்பு என்கிற பெண் விழுந்து, வலது கை ஒடிந்தது.

'மக்கள் ஒரே ஓரத்தில் கூடியதே காரணம்' என்று ரிப்போர்ட் எழுதினேன். அப்படியானால் வேறு பாலம் கிடையாது என்றது ஆபீஸ்.

பிறகுதான் கணக்கைத் திரும்பப் போட்டேன். உருண்டைத் தண்டின் சூத்திரம் இந்த 'ப' வடிவத்துக்குப் பொருந்தவே பொருந்தாது; ஓரத்தில் பாரம் விழுந்தால் முறுக்கிக்கொள்ளும். நடுவில் நடக்கிறவர்களை மட்டுமே தாங்கும் பாலத்தைப் போட்டிருக்கிறேன்... ஒதுங்கியே பழகியவர்களைக் கணக்கில் யார் சேர்த்தது?

காசாம்பு வீட்டுக்குப் போனேன்.

"தப்பு என்னுதுதாம்மா. கணக்கு பிசகிடுச்சு."

"அப்படியா சார்? எங்க குண்டு ஒடம்பாலதான் சாஞ்சுதுன்னு காரியக்காரரு சிரிக்கிறாரே!" கூட இருந்த பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. "இதையே ஒரு பேப்பர்ல எழுதிக் குடுங்க சார். புதுப் பாலம் கேட்டுப் பாக்குறோம்."

வேலை போய்விட்டால்? கல்யாணம் வேறு நிச்சயமாகியிருந்தது...

"பாக்கறேம்மா" என்றேன். பார்க்கவே இல்லை.

அவளுக்கு அப்போதே புரிந்திருக்க வேண்டும். கட்டுப் போட்ட கையோடு வாய்க்கால்வரை கூட வந்தாள். கோணிக் கிடந்த பாலத்தில் நான் கால் வைத்தபோது சொன்னாள்:

"பாத்துப் போங்க சார்... நடுவுலயே போங்க."