நாய்க்குப் பெயர் இருந்தது

இங்கே வருடம் முடியும்போது ஊர்ப் பத்திரிகை அந்த வருடத்து விசேஷங்களை ஒரு முழுப் பக்கத்தில் போடும். ஜெர்மன் பேசும் ஆரா நகரில் இந்த வருடம் என்ன நடந்ததாம்? பாலத்துக்குப் புது வர்ணம் அடித்தார்கள். நீரூற்றுச் சிலையின் மூக்கை எவனோ உடைத்தான். மருந்துக்கடைக்காரியின் 'பெரி' என்ற நாய் ஆற்றில் விழுந்து உயிர் தப்பியது. எங்கள் ஊரில் தினமும் பிணம் விழுகிறது. இவர்களுக்குச் சிலையின் மூக்கு செய்தி.

அந்த நாயைக் காப்பாற்றியவன் என் அறையில் இருந்த செல்வன். பங்குனிக் குளிரில் ஆற்றில் இறங்கி, நாயைத் தலைக்கு மேலே தூக்கிக் கரையில் நின்றவளிடம் கொடுத்தான். அடுத்த நாள் பத்திரிகையில் படம் வந்தது. கீழே நாயின் பெயர் இருந்தது. அவன் 'ஒரு தமிழர்'.

அடுத்த மாதம் அவனுக்கு அகதி விசாரணை. படத்தைக் கொண்டுபோகச் சொன்னவன் நான்தான். எதற்கெடுத்தாலும் பள்ளி அதிபரிடமும் சமாதான நீதவானிடமும் நற்சான்றிதழ் வாங்கிப் பழகிய சனம் நாங்கள். புத்தி அப்படித்தான் போகும்.

"உதைக் காட்டடா. நல்ல பெடியன் எண்டு விளங்கும்."

"நாய் தந்த சேர்ட்டிபிக்கட்டோ அண்ணை?" என்று சிரித்தான். ஆனாலும் கொண்டுபோனான்.

ஆமி முகாமில் அடித்து வலது தோள் முறிந்தது, கையை உயர்த்த முடியாது என்பதுதான் அவன் வழக்கு. அதிகாரி படத்திலிருந்த அந்தக் கையைப் பேனையால் தொட்டுக் காட்டினானாம்.

"கை நல்லாத்தானே இருக்கு எண்டிட்டான் அண்ணை. நாயைத் தூக்கின பிறகு கை அசையாமல் ஒரு கிழமை நீங்கள் எனக்குச் சோறு தீத்தினதை ஆர் படம் எடுத்தவை?"

மறுத்துக் கடிதம் வந்தது. புரட்டாதியில் விமானம் ஏற்றினார்கள். கொழும்பில் இறங்கியவனைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. மகன் உங்களோடுதானே இருக்கிறான் என்று தாய் எனக்கு எழுதுகிறா. நான் பதில் போடவில்லை.

மருந்துக்கடைக்காரி ஒருநாள் தெருவில் மறித்து, அந்த நல்ல மனிதர் எங்கே என்று கேட்டாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்றேன்.

"ஓ, வீட்டுக்கா! அம்மாவுக்கு எவ்வளவு சந்தோஷமாக இருக்கும்!"

என்னுடைய அரைகுறை ஜெர்மனில் நன்றி சொல்லிவிட்டு நடந்தேன்.

போன கிழமை தபால் கந்தோர் வாசலில் ஒரு கிழவி பனியில் சறுக்கி விழுந்தாள். என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். தை மாதம் எனக்கும் விசாரணை. என் வழக்கு, அடிபட்ட முதுகு. குனிந்து தூக்கினால் எவனாவது படம் எடுப்பானோ என்று சுற்றிப் பார்த்துவிட்டுக் கடந்து போனேன். ஊரில் ஆமிக்காரன் கத்தினால் கை தானாக மேலே போகும். இங்கே அவள் கூப்பிடக் கூப்பிட, என் இரண்டு கைகளும் கோட்டுப் பைக்குள்ளேயே கிடந்தன.