அடிமட்டமும் வளைந்தது

ஜெர்மனியில், கொலோன் நகரத்தில் பெரியவர்களுக்குப் படம் வரையவும் படம் பிடிக்கவும் சொல்லிக்கொடுக்கிறேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். வகுப்புக்குள் நுழையும் போதெல்லாம், இன்றைக்கு என் படிப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற பயம் கூடவே வரும். அந்த வியாழக்கிழமை வந்த பயம் வேறு.

வகுப்பறை யன்னலைப் பார்த்து வரையச் சொல்லியிருந்தேன். ஓய்வுபெற்ற ஜெர்மன்கார அம்மா ஒருவரின் தாளைக் குனிந்து பார்த்து, "இந்தக் கோடு நடுவில் வளைந்திருக்கிறது" என்றேன். அவர் அடிமட்டத்தை எடுத்துக் கோட்டின்மேல் வைத்தார். "நேராகத்தானே இருக்கிறது?"

அடிமட்டமும் எனக்கு வளைந்துதான் தெரிந்தது.

வலது கண்ணைப் பொத்தினேன், நேரானது. இடது கண்ணைப் பொத்தினேன், நடுவில் பள்ளம் விழுந்தது. நான் கமராவில் வைக்கிற கண் வலது கண்.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன். "போன மாசம் இருதயத்தில வருத்தம் எண்டியள், இந்த மாசம் கண்ணோ?" என்று சிரித்தாள். பிறகு தானே என் இடது கண்ணைப் பொத்தி, "கதவு நிலை எப்பிடித் தெரியுது?" என்றாள். சொன்னேன். அதற்குப் பிறகு அவள் சிரிக்கவில்லை. கண் டொக்டரிடம் திங்கட்கிழமைக்கு நேரம் குறித்து டெர்மின் எடுத்தாள்.

இடையில் சனிக்கிழமை ஒரு கலியாணத்துக்குப் படமெடுக்க ஒப்புக்கொண்டிருந்தேன். வேறு ஆளைப் பிடிக்க நேரமில்லை. இடது கண்ணை வைத்தேன். பழகாத பக்கம், மூக்குப் போய்க் கமராவில் நசிந்தது.

பக்கத்தில் நின்ற வீடியோக்காரத் தம்பி விடவில்லை. "என்ன அண்ணை, கமராவைக் கொஞ்சிறியளோ?"

"ஓம். மனுசியிட்டச் சொல்லிப்போடாத."

கெட்டிமேளம் முழங்கியது, அட்சதை பறந்தது. தாலி ஏறுகிற அந்தக் கணத்தைத் திரும்பக் கேட்க ஏலாது. எது தெளிவு, எது மங்கல் என்று தெரியாமலே விரலை எடுக்காமல் அமத்திக்கொண்டு நின்றேன். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கணினி முன் இருத்தினேன்.

"தாலி தெளிவோ?"

"ஓம், தெளிவு."

"வடிவாப் பார்."

"முடிச்சுக்கூடத் தெரியுதப்பா."

திங்கட்கிழமை டொக்டர் கட்டம் போட்ட தாளொன்றை நீட்டி, கோடுகள் நேராக இருக்கின்றனவா என்று கேட்டார். நேராக இருக்கவேண்டிய கோடுகள் என்று யாருக்கும் தெரியும். சோதனைக்கு வந்த பிள்ளை மாதிரி 'ஓம்' என்பது வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டு, "வளைந்திருக்கின்றன" என்றேன்.

கண்ணுக்குள் படமெடுத்துப் பார்த்தார். விழித்திரைக்குக் கீழே நீர் கட்டியிருக்கிறதாம். பலருக்குச் சில மாதங்களில் தானாக வற்றிவிடும், சிலருக்கு வற்றாது. கூடுதலாக யோசிக்கிறவர்களுக்கு இது வருவதுண்டு என்று சொல்லி, கதவுவரை வந்து கைகொடுத்தார்.

வெளியில் மனைவி நின்றாள். "என்னவாம்?"

"கவலைப்படக் கூடாதாம்."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "உங்களாலயோ? அப்ப கண் போனதுதான்."

டிராம் வரும்வரை தண்டவாளத்தை ஒவ்வொரு கண்ணாகப் பொத்திப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரத்தில் அவள் என் கையைப் பிடித்து இறக்கினாள். இறக்கிய கையை விடவில்லை.